குமிழி நின்றால்

என் அக்கா வீட்டுக்காரரைப் போன்ற ஒரு பயந்தாங்கொள்ளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன் என்பதால், இங்கே எழுதுவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. கேஸ் அடுப்பை மூடிவிட்டுக் கிளம்புவார். தெருமுனை வரை போய்விட்டு, மூடினோமா என்று சந்தேகம் வந்து திரும்புவார். வந்து பார்த்துவிட்டுப் போனவர், பார்த்ததையே நம்பாமல் இன்னொரு தடவை வருவார். பூட்டிய பூட்டைப் பிடித்துத் தொங்குவார்.

"பூட்டு பாவம் அத்தான், விட்டுடுங்க" என்பேன்.

"நீ சிரிப்ப. திருட வர்றவன் உன்கிட்ட கேட்டுட்டா வருவான்?" என்பார்.

அவருக்குத் தொழில் மீன் விற்பது. சமைக்கிற மீன் இல்லை, கண்ணாடித் தொட்டியில் விட்டு வேடிக்கை பார்க்கிற வண்ணமீன். கீழே கடை, மேலே வீடு. கடைக்குள் நுழைந்தால் மூன்று சுவரிலும் தொட்டிகள், ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஒரு மெல்லிய குழாய், குழாயின் முனையிலிருந்து ஓயாமல் குமிழி. காற்றைத் தள்ளும் சின்னச் சின்ன பம்புகளை அவரே விற்பார், அவரே பிரித்து மாட்டுவார். அதனால் தெருவில் அவருக்குப் பெயர் 'பம்பு'. நேரில் யாரும் கூப்பிட மாட்டார்கள், ஆனால் வழி கேட்டால் "பம்பு கடைக்கு எதிர்த்தாப்ல" என்றுதான் சொல்வார்கள்.

கடையில் எத்தனை தொட்டி இருக்கிறதோ அத்தனையின் சத்தமும் அவர் காதுக்குத் தனித்தனியாகத் தெரியும். மேலே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். டிவி அலறும். திடீரென்று கை பாதி வழியில் நிற்கும். "மூலைத் தொட்டி நின்னுடுச்சு" என்று எச்சில் கையோடு படியிறங்கி ஓடுவார். போய்ப் பார்த்தால் நின்றுதான் போயிருக்கும். "நான் பக்கத்துல நின்னு கத்தினாலும் காதுல விழாது, அந்தத் தங்கமீன் கூப்பிட்டா மட்டும் ஓடுவாரு" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். குமிழி நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்தக் காட்சியை அவரால் பார்க்க முடியாது. மீனுக்கே இப்படி என்றால் மனுஷனுக்கு எப்படி இருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் ஒரு கைவேலை உண்டு. ஏதாவது ஒரு தொட்டியில் குமிழி சோர்ந்துபோனால், உள்ளே இருக்கும் குழாயைக் கொஞ்சம் மேலே தூக்கி விடுவார். மேலே இருக்கும் தண்ணீரின் பாரம் குறையும், காற்று சுலபமாக வெளியே வரும், குமிழி பொங்கும். பம்பை அப்புறம் சாவகாசமாகப் பார்த்துக்கொள்வார். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் கை தானாகப் போகுமே, அந்த மாதிரி.

இந்த மனிதருக்குப் பிறந்த முதல் குழந்தையைப் பற்றிச் சொல்லாமல் இரண்டாவதைச் சொல்ல முடியாது. அவனை நாங்கள் 'பெரியவன்' என்றுதான் சொல்வோம், அவன் பெரியவனாகவே இல்லை என்றாலும். மாதம் நிறைவதற்கு ரொம்ப முன்னாலேயே பிறந்துவிட்டான். வேறொரு ஊர், வேறொரு ஆஸ்பத்திரி. தொண்டைக்குள் குழாயை விட்டு மெஷினில் போட்டார்கள். அவர்கள் கையில் அப்போது அது ஒன்றுதான் இருந்தது, அதை அவர்கள் நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் மெஷின் காற்றைத் தள்ளத் தள்ள அந்தப் பிஞ்சு நெஞ்சு குலுங்கும். ஒருநாள் நுரையீரலில் ஒரு பக்கம் கிழிந்து காற்று வெளியே கசிந்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு அவன் அதிக நேரம் இருக்கவில்லை. அத்தான் கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தார். அந்த மெஷின் போட்ட சத்தம், ஒரு தட்டு, ஒரு பெருமூச்சு, அவர் காதிலேயே தங்கிவிட்டது. கடையில் கிட்டத்தட்ட அதே மாதிரி சத்தம் போடும் பெரிய பம்பு ஒன்று இருந்தது. வந்த முதல் ஆளிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்.

பல வருஷம் கழித்து அக்கா மறுபடி உண்டானாள். வீட்டில் யாரும் சந்தோஷப்படத் துணியவில்லை. அக்கா தும்மினால் அத்தான் எழுந்து நிற்பார். மாடிப்படியில் கைப்பிடிக்குத் துணி சுற்றினார். நான் தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தேன். குழந்தைக்குச் சட்டை தைக்கத் துணி எடுத்து வந்ததற்கு, "இப்பவே எதுக்கு? உள்ள வை, உள்ள வை" என்று பிடுங்கி பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டார். அந்தப் பூட்டையும் இழுத்துப் பார்த்தார்.

எவ்வளவு பயந்து என்ன, நடக்கிறது நடந்தது. ஒரு காலையில் அக்காவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. மாதக்கணக்கு அப்போதும் நிறையவில்லை. ஆட்டோவில் அவள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். அத்தான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மெதுவா போங்க... சீக்கிரம் போங்க..." என்று மாற்றி மாற்றிச் சொன்னார். டிரைவர் நல்ல மனிதர், திரும்பி முறைக்கக்கூட இல்லை.

பெண் குழந்தை. என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் இருந்தால் அதிகம். தோல் சிவப்பாக, மெல்லியதாக, அழுத்தினால் கிழிந்துவிடும் போல. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. மூச்சு விடும்போது முனகினாள். பெற்றவளை மேல்மாடி வார்டுக்கும், குழந்தையைக் குறைமாதக் குழந்தைகளின் அறைக்கும் கொண்டுபோனார்கள். எங்கள் இரண்டு பேரையும் டாக்டரம்மா தாழ்வாரத்துக்கு அழைத்தார். தடித்த கண்ணாடி போட்ட, அவசரப்படாமல் பேசுகிற பெண்மணி.

"பாப்பாவோட நுரையீரல் இன்னும் பக்குவம் ஆகலைங்க. உள்ள இருக்கிற சின்னச் சின்னப் பைங்க மூச்சு வெளிய விட்டதும் ஒட்டிக்குது. புது பலூன ஊதுறப்ப முதல் ஊது எவ்வளவு கஷ்டமா இருக்கும்? அவளுக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் ஊது மாதிரி."

"குழாய் போடப் போறீங்களா?" என்றார் அத்தான். அவர் கேட்டது அந்த ஒன்றுதான்.

"இப்ப இல்ல. முன்னெல்லாம் உடனே தொண்டையில குழாய் விட்டு மெஷின்ல போட்டுடுவோம். அப்படிப் பிழைச்ச குழந்தைங்க நிறைய. ஆனா மெஷின் காத்த உள்ள தள்ளும், பிஞ்சு நுரையீரல் சில நேரம் அதத் தாங்காது. இப்ப முடிஞ்ச வரைக்கும் குழந்தையவே மூச்சு விட விடுறோம். மூக்குல ரெண்டு குட்டிக் குழாய் வெப்போம். அது வழியா கொஞ்சம் அழுத்தத்தோட காத்து போய்க்கிட்டே இருக்கும். கதவு சாத்திக்காம கால வெச்சுப் பிடிச்சுக்கிற மாதிரி, பைங்க மூடிக்காம அது பிடிச்சுக்கும். மூச்ச இழுக்கிறதும் விடுறதும் அவ வேலை. ஒட்டிக்காம இருக்க மருந்து ஒண்ணும் தர்றோம். அதுக்கும் மெஷின் வேண்டாம்."

"அவளால முடியலன்னா?"

டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. "முடியலன்னா குழாய் போட்டுத்தான் ஆகணும். மெஷின் நமக்கு எதிரி இல்லைங்க. ஆனா அது தேவைப்படாம பாத்துக்குவோம்."

அத்தானின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. மேலே போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவள் படுத்தபடியே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மெஷின்ல மட்டும் போட விடாதீங்க. சத்தியம் பண்ணுங்க" என்றாள். அவர் சத்தியம் பண்ணினார். கடவுளுக்கும் டாக்டருக்கும் நடுவில் இருக்கிற விஷயத்துக்கு ஒரு மீன்காரர் சத்தியம் பண்ணினால் அது எங்கே போய் நிற்கும்?

மருந்து கொடுப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். பேனா ரீஃபிலை விட மெல்லிய ஒரு குழாய். மூக்கில் காற்று போய்க்கொண்டிருக்கும்போதே, டாக்டரம்மா அதை வாய் வழியாகக் காற்றுக்குழலுக்குள் நுழைத்து, பால் மாதிரி இருந்த மருந்தைச் சிறிது சிறிதாக விட்டுவிட்டு உருவி எடுத்துவிட்டார். மெஷின் இல்லை, தட்டும் சத்தம் இல்லை. அவள் தானே மூச்சுவிட்டுக்கொண்டே அந்த மருந்தை உள்ளே இழுத்தாள். அத்தான் என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு அப்புறம் வலித்தது.

அன்றைக்கு மத்தியானம் அவரை உள்ளே விட்டார்கள். ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் போகலாம், கையை முழங்கை வரை கழுவிவிட்டு. நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். குழந்தையின் தலையில் குல்லாய், குல்லாயோடு சேர்த்துக் கட்டிய குழாய்கள், மூக்குத் துளைகளில் இரண்டு சின்ன முனைகள். காற்று வரும் குழாய் ஒன்று, போகும் குழாய் ஒன்று. போகும் குழாயின் மறுமுனை பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்கியிருந்தது. அங்கே கொப்புளம் கொப்புளமாகக் குமிழி வந்துகொண்டிருந்தது.

அத்தான் அந்த பாட்டிலைப் பார்த்ததும் அவர் தோள் இறங்கியதை நான் இங்கிருந்தே கவனித்தேன். வெளியே வந்தவர் கிட்டத்தட்டச் சிரித்தார். "நம்ம கடை மாதிரியே இருக்கு" என்றார்.

அந்த அறையை ஆட்சி செய்தவர் ஒரு சிஸ்டர். கனத்த குரல், கனமில்லாத கை. அவர் அத்தானிடம் சொன்னதை நானும் கேட்டேன். "இந்தக் குமிழி வந்துக்கிட்டே இருக்கணும். கொறஞ்சா, நின்னா, என்னைக் கூப்பிடுங்க." அத்தான் தலையை ஆட்டினார். அந்தப் பேச்சில் முதல் பாதி மட்டும்தான் அவர் தலைக்குள் போயிருக்கிறது. மீதிப் பாதிக்கு அவர் அனுபவத்தில் இடமே இல்லை. குமிழி நின்றால் அவர் யாரைக் கூப்பிட்டிருக்கிறார்? ஊரே அவரைத்தானே கூப்பிடும்.

அடுத்து வந்த நாட்களில் அவர் அந்த நாற்காலியிலேயே குடியிருந்தார். குழந்தையைப் பார்ப்பதைவிட பாட்டிலைத்தான் அதிகம் பார்த்தார். குழந்தையைப் பார்க்கப் பயம், அதுதான் உண்மை. அந்தக் குழி விழும் நெஞ்சைப் பார்த்தால் அவருக்குப் பெரியவன் ஞாபகம் வந்துவிடும். பாட்டில் அப்படி இல்லை, அது பழகின முகம். அவர் காது அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டது. "சாப்பிட வாங்க" என்றால், "போகுது, போகுது, நல்லா போகுது" என்று பதில் வரும். நான் கேட்டது ஒன்று, அவர் சொல்வது ஒன்று.

சாப்பாட்டுக் கூடையோடு நான் போய் நின்ற ஒரு மத்தியானம், அறைக்குள் பரபரப்பாக இருந்தது. புதிதாக ஒரு குழந்தையைக் கொண்டுவந்திருந்தார்கள். சிஸ்டரும் மற்றவர்களும் எதிர் மூலையில் அதைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். எங்களுடையவள் தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. அத்தான் பாட்டிலைக் குனிந்து பார்த்தார். எழுந்தார். மூலைப் பக்கம் பார்த்து வாயைத் திறந்தார். 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும், ஆனால் அவர் குரல் தாழ்வாரத்துக்கு வராதது மட்டுமில்லை, அந்த மூலைக்கும் போகவில்லை. மறுபடி பாட்டிலைப் பார்த்தார். கை போனது. குழாயைப் பிடித்து ஏதோ செய்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், நிம்மதியாக வெளியே வந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தபடி, "குமிழி சோர்ந்துபோச்சு. அவங்க வேற வேலையா இருக்காங்க. குழாய கொஞ்சம் மேல தூக்கி விட்டேன். இப்பப் பாரு, எப்படிப் பொங்குதுன்னு" என்றார்.

"பம்புன்னா சும்மாவா" என்றேன் நான். எனக்கு என்ன தெரியும்? கண்ணாடி வழியாகப் பார்த்தால் பாட்டில் உண்மையிலேயே பொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அவர் இரண்டாவது கவளத்தை வாயில் வைத்திருப்பார், உள்ளே மணி அடிக்க ஆரம்பித்தது. குழந்தையின் தலைமாட்டில் இருந்த திரையில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் எண் இறங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் மூலையிலிருந்து ஓடிவந்தார். முதலில் பாட்டிலை ஒரு பார்வை பார்த்தார். குமிழி ஜோராக வந்துகொண்டிருந்ததால் அந்தப் பக்கம் கோளாறு இல்லை என்று நினைத்து, குழந்தையிடம் போனார். மூக்கில் சளியை உறிஞ்சி எடுத்தார், கழுத்தை நேராக்கினார், ஆக்ஸிஜனைக் கூட்டினார். எண் ஏறவில்லை. விலாவுக்குக் கீழே விழுந்த குழி, பிறந்த அன்று விழுந்ததை விட ஆழமாக இருந்தது. உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது. டாக்டரம்மா வந்தார். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து ஏதோ சொன்னார். கதவு அரைகுறையாகத் திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

"சோர்ந்துட்டா. தொண்டைக்கு டியூப் எடுத்து வைங்க. மெஷின ரெடி பண்ணுங்க."

அத்தானைப் பார்த்தேன். அவர் சாப்பாட்டையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதனாலயா இருக்கும்?" என்றார். குரலே இல்லை.

"எதனால?"

"நான் தூக்கினதால."

"எனக்கென்ன தெரியும். போய்ச் சொல்லுங்க."

"சொன்னா... நான்தான்னு ஆயிடும்."

"ஆகட்டும்."

"அதுவா இல்லாம இருந்தா? சும்மா போய் நடுவுல நின்னு அவங்க வேலையக் கெடுத்த மாதிரி ஆயிடாதா? என்னை அப்புறம் உள்ளயே விட மாட்டாங்க. உங்கக்கா என்ன..."

உள்ளே டிராலி உருளும் சத்தம் கேட்டது. எனக்கு வந்ததே ஆத்திரம். "அக்காவ அப்புறம் பாத்துக்கலாம் அத்தான். பயப்பட உங்களுக்கு ஆயுசு முழுக்க நேரம் இருக்கு. அவளுக்கு இல்ல. எந்திரிங்க" என்று அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். அவரைவிடப் பத்து வயது சின்னவள் நான். இன்னொரு நாளாக இருந்தால் அக்கா என்னைக் கொன்றிருப்பாள்.

அவர் போனார். கை கழுவவில்லை, செருப்பைக் கழற்றவில்லை, வாயில் இருந்ததை விழுங்கக்கூட இல்லை. நானும் பின்னாலேயே கதவு வரை ஓடினேன். சிஸ்டர் திரும்பி, "வெளிய போங்க" என்றார்.

"நான் குழாயத் தூக்கிட்டேன்" என்றார் அத்தான்.

"எந்தக் குழாய?"

அவர் பாட்டில் பக்கம் விரலை நீட்டினார். சிஸ்டர் குனிந்து பாட்டிலைப் பார்த்தார். குழாயின் முனை பாட்டிலில் போட்டிருந்த சிவப்புக் கோட்டில் இருக்க வேண்டுமாம். அது தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கிட்டே தொங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அதைப் பிடித்துக் கோடு வரைக்கும் இறக்கினார்.

குமிழி நின்றது. கொஞ்சமாக இல்லை, மொத்தமாக. பாட்டிலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

"நின்னுடுச்சு" என்றார் அத்தான். அந்த மாதிரி ஒரு குரலை நான் அவரிடம் அதுவரை கேட்டதில்லை. பெரியவன் போன அன்றைக்குக்கூட இல்லை.

"நிக்கணும். எங்கயோ ஒழுகுது" என்றார் சிஸ்டர். அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தார். "வாய் தொறந்திருக்கு. மூக்குல இருக்கிறதும் லூசா இருக்கு, பெரிய சைஸ் குடு." ஒரு விரலால் குழந்தையின் தாடையை மெல்லத் தூக்கிப் பிடித்தார். பாட்டிலில் ஒரு குமிழி வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம் இரண்டு. பக்கத்தில் இருந்தவர் மூக்கு முனைகளை மாற்றினார், குல்லாயை இழுத்துச் சரிசெய்தார். குமிழி விட்டு விட்டு வந்து, பிறகு விடாமல் வர ஆரம்பித்தது.

டாக்டரம்மா கையில் அந்தத் தொண்டைக் குழாயை வைத்துக்கொண்டே நின்றார். "கொஞ்சம் பொறுப்போம்" என்றார். கீழே வைக்கவில்லை. எல்லாரும் திரையைப் பார்த்தோம். எண் அசையவில்லை. நான் வேண்டாத தெய்வம் இல்லை. எண் ஒன்று ஏறியது. அதுவே மறுபடி இறங்கியது. எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. நெஞ்சில் விழுந்த குழி கொஞ்சம் ஆழம் குறைந்த மாதிரி இருந்தது, அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டேன். எண் ஏறியது, இன்னொன்று ஏறியது, ஏறிக்கொண்டே போனது. உதட்டில் சிவப்பு திரும்பியது. டாக்டரம்மா கடைசியில் அந்தக் குழாயைத் தட்டில் வைத்தார்.

சிஸ்டர் அத்தானைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்து பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். "உங்க கடையில காத்து தண்ணிக்காக. இங்க தண்ணி காத்துக்காக. குழாய் எவ்வளவு ஆழத்துல இருக்கோ அவ்வளவு அழுத்தம்தான் பாப்பாவுக்குப் போகும். மேல தூக்கினா குமிழி அழகா வரும், பாப்பாவோட நெஞ்சு மூடிக்கும். குமிழி நின்னா காத்து ஒழுகுதுன்னு எங்களுக்குச் சேதி. அந்தச் சேதியத்தான் நீங்க அமுக்கிட்டீங்க. பாட்டிலயே பாத்தா எப்படி? பாப்பாவப் பாருங்க. இன்னொரு தடவை அதத் தொட்டா கைய ஒடிச்சுடுவேன்."

பேசி முடித்துவிட்டு, "ஆனா வந்து சொன்னீங்க" என்று மட்டும் சேர்த்துக்கொண்டு உள்ளே போனார். அத்தான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கின பையன் மாதிரி.

அக்காவிடம் சொல்லவேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நேராக மாடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"எதுக்குத் தொட்டீங்க?"

"நின்னுடுமோன்னு பயந்துட்டேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. சக்கர நாற்காலியில் கீழே வந்து குழந்தையைப் பார்க்கும்போதுகூட, ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னிடம்தான் கேட்பாள், அவர் அங்கேயே நிற்க. அவளைச் சொல்லியும் குற்றமில்லை, ஒன்றைப் பறிகொடுத்தவள்.

அத்தான் அந்த அறைக்குள் போவதையே விட்டுவிட்டார். தாழ்வாரத்தில் கண்ணாடி ஓரமாக நிற்பார். கைகள் முதுகுக்குப் பின்னால், ஒரு கையின் மணிக்கட்டை இன்னொரு கை பிடித்தபடி. சிஸ்டரே ஒருநாள், "உள்ள வந்து உக்காருங்க, நான் கடிச்சா சாப்பிடுவேன்?" என்று கூப்பிட்டார். "இருக்கட்டும் சிஸ்டர், இங்கருந்தே தெரியுது" என்றார். மீனுக்குத் தீனி போட அவரோடு நானும் கடைக்குப் போனேன் ஒரு தடவை. மூலைத் தொட்டியில் குமிழி சோர்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தூக்கி விடுங்க அத்தான்."

"நீ தூக்கு" என்றார்.

மீன் செத்தால் சாகட்டும் என்று நினைக்கிற ஆள் இல்லை அவர். கை நீளவில்லை, அவ்வளவுதான். நான் முழங்கை வரை தண்ணீரில் விட்டுத் தூக்கி விட்டேன். இந்த மனிதரைப் பயந்தாங்கொள்ளி என்று இத்தனை வருஷம் கேலி செய்திருக்கிறேன். பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாரங்கள் போயின. அவள் கொஞ்சம் சதை வைத்தாள். குழி விழுவது நின்றது. சிவப்புக் கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு, அதற்கும் அடுத்த கோட்டுக்கு என்று சிஸ்டர்தான் குழாயை மெல்ல மெல்ல உயர்த்தினார், டாக்டரம்மா சொன்னபடி. ஒவ்வொரு தடவையும் அத்தான் தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்குப் போய்விடுவார். அப்புறம் ஒரு காலை டாக்டரம்மா எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு எல்லாத்தையும் எடுத்துட்டுப் பாக்கலாம். அவளா மூச்சு விட்டா நல்லது. சில நேரம் இந்தக் குழந்தைங்க மூச்சு விட மறந்துடும். பாத்துக்கிட்டே இருக்கணும். முடியலன்னா திரும்ப மாட்டிடலாம்" என்றார்.

"மறந்துட்டா?" என்றார் அத்தான்.

"லேசா தட்டினா ஞாபகம் வந்துடும். அதான் ஒருத்தர் நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கிட்டு உக்காரணும். அந்தச் சூடும் நல்லது. அம்மா வெச்சுக்கிறீங்களா?"

அக்கா குழந்தையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். ஆனால் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அவரு வெச்சுக்கட்டும்" என்றாள்.

அத்தான் பின்னால் நகர்ந்தார். "நான் வேண்டாம். என் கை..."

"நான் வெச்சுக்கிட்டா சந்தோஷத்துல கண்ணசந்துடுவேன் டாக்டர்" என்றாள் அக்கா. "இவரு பயந்துக்கிட்டே இருப்பாரு. ஒரு நிமிஷம் கண்ண மூட மாட்டாரு." பிறகு, அத்தனை நாளுக்கு அப்புறம், நேராக அவரைப் பார்த்து, "போய்க் கை கழுவிட்டு வாங்க" என்றாள்.

அன்றைக்கு மட்டும் எங்கள் மூன்று பேரையும் உள்ளே விட்டார்கள்; அவர் முழங்கை வரை கழுவிவிட்டு வந்தார். சட்டைப் பொத்தானை அவரால் கழற்ற முடியவில்லை; அக்காதான் பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிக் கழற்றிவிட்டாள். சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, குழந்தையை அவர் வெறும் நெஞ்சின்மேல் படுக்கவைத்தார் சிஸ்டர். குல்லாயின் முடிச்சை அவிழ்த்தார், மூக்கிலிருந்த முனைகளை எடுத்தார். மூக்கு சிவந்து, அழுந்தின தடத்தோடு, ஆனால் முழு மூக்காகத் தெரிந்தது. பிறந்த அன்றைக்குப் பிறகு இப்போதுதான் அவள் முகத்தை நாங்கள் முழுதாகப் பார்த்தோம். சிஸ்டர் கையை நீட்டிக் காற்றை மூடினார்.

குமிழி நின்றது.

அத்தானின் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. கால் தரையை உந்தியது. கடையில் தொட்டி நின்றால் எழுந்து ஓடுவாரே, அந்தக் கால். வலது கை நாற்காலியின் பிடியை விட்டு எழும்பியது. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்தோம். அது பாட்டில் பக்கம் போகவில்லை. குழந்தையின் முதுகில் வந்து படிந்தது, அந்த முதுகு முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. அவர் தலையைக் குனிந்து அவளைப் பார்த்தார்.

"மூச்சு விடுறா" என்றார், எங்களுக்குச் சேதி சொல்கிற மாதிரி.

கொஞ்சம் இடைவெளி. "விடுறா."

அவர் ஒவ்வொரு மூச்சுக்கும் சொன்னார். மணி ஏதும் அடிக்கவில்லை, திரையில் எண் நின்ற இடத்தில் நின்றது. "எங்களுக்கும் தெரியுதுங்க, சும்மா இருங்க" என்று சிஸ்டர் அதட்டியும் அவர் நிறுத்தவில்லை. அக்கா அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள். ஒரு 'விடுறா'வுக்கும் அடுத்த 'விடுறா'வுக்கும் நடுவில் நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை.